ஐந்து நகரங்களா, ஒரே நகரமா? கல்லூரி நகரத்துச் சவாரி, டெலிவரித் தொழில் பற்றி ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: பல்கலைக்கழகம் ஒன்றைச் சுற்றி வளர்ந்த, சுமார் 1,20,000 பேர் வசிக்கும் நகரத்தில், சவாரியும் உணவு டெலிவரியும் சேர்ந்த செயலி ஒன்றை நாங்கள் மூவர் இரண்டு ஆண்டுகளாக நடத்திவருகிறோம். வகுப்புகள் நடக்கும் வாரங்களில் 2,200 சவாரிகளும் 1,400 டெலிவரிகளும் கிடைக்கின்றன. விடுமுறை வாரங்களில் அவை 700, 600 என்று இறங்கிவிடுகின்றன. அடுத்த கல்வியாண்டுக்குள் இதே போன்ற ஐந்து கல்லூரி நகரங்களில் தொடங்குவதானால் பணம் போடத் தயார் என்கிறார் ஒரு முதலீட்டாளர். பங்குதாரர்களில் ஒருவர் டெலிவரியைக் கைவிட்டுவிட்டுச் சவாரியை மட்டும் வளர்க்கலாம் என்கிறார். பெரிய நிறுவனங்கள் எங்கள் ஊரில் இன்னும் முழுமூச்சாக இறங்கவில்லை. இறங்கினால் தாங்குவோமா என்ற அச்சமும் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தொழிலை விரிவாக்குவது பற்றி எனக்கு வரும் கடிதங்களில் நல்ல வாரங்களின் எண்கள் மட்டுமே இருக்கும். நீங்கள் விடுமுறை வாரத்தின் எண்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கான பதில் அந்த எண்களில்தான் இருக்கிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்து நகரங்கள் என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள், இருக்கும் நகரத்தில் ஒரு நீண்ட விடுமுறையைக் கைநட்டமின்றிக் கடந்த பிறகு, இரண்டாவதாக ஒரே ஒரு நகரத்துக்குப் போங்கள், டெலிவரியை விடாதீர்கள். ‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்பது இந்தத் தொழிலில் அறிவுரையாக இல்லாமல் வெறும் கணக்காகவே உண்மையாகிறது என்பதை இனி விளக்குகிறேன்.

வகுப்பு வாரத்தில் உங்களுக்கு மொத்தம் 3,600 பரிவர்த்தனைகள், விடுமுறை வாரத்தில் 1,300. பருவத்துக்கு 16 வாரம் என்று இரண்டு பருவங்களைக் கொண்டால் ஆண்டில் 32 வகுப்பு வாரங்களும் 20 விடுமுறை வாரங்களும் வருகின்றன. ஆண்டு மொத்தம் 1,41,200. அதை 52 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரத்துக்குச் சுமார் 2,700. ஆகவே உங்கள் தொழிலின் உண்மையான அளவு 3,600 அல்ல, அதில் முக்கால் பங்குதான். அலுவலக வாடகை, சம்பளம், மென்பொருள் பராமரிப்பு, காப்பீட்டின் குறைந்தபட்சத் தொகை போன்ற மாறாச் செலவுகளை ஈடுகட்ட வாரத்துக்கு 3,200 பரிவர்த்தனைகள் தேவைப்படும்படி நீங்கள் திட்டமிட்டிருந்தால், வகுப்பு நடக்கும் மாதங்களில் எல்லாம் லாபம் தெரியும். ஆண்டு முடிவில் நட்டமே மிஞ்சும். அந்த இடைவெளி தொழிலின் குணத்தால் வருவது, உங்கள் உழைப்புக் குறைவால் அல்ல. எனவே செலவுத் திட்டத்தை இன்றே 2,700-ஐ வைத்து மறுபடி எழுதுங்கள்.

இப்போது முதலீட்டாளர் சொல்லும் ஐந்து நகரங்களைப் பார்ப்போம். பல நகரங்களில் கால் ஊன்றினால் ஓர் ஊரின் சரிவை மற்றோர் ஊரின் ஏற்றம் தாங்கும் என்பது பொதுவாக நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் கல்லூரி நகரங்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே நாள்காட்டி. ஒன்றில் விடுதிகள் காலியாகும் அதே வாரத்தில் மற்ற நான்கிலும் காலியாகும். ஓர் ஊரின் விடுமுறை நட்டத்தையே இன்னும் முழுமையாகச் சமாளிக்காத நிறுவனம், அதே மாதத்தில் அதே நட்டத்தை ஆறு இடங்களில் சுமக்க வேண்டிவரும். நான் முன்பு பணியாற்றிய நிறுவனம் ஒன்று ஒரே பருவத்தில் மூன்று கல்லூரி நகரங்களைத் திறந்தது; முதல் மாதச் சவாரிகளை இலவசமாகக் கொடுத்ததால் எண்ணிக்கை வேகமாக ஏறியது; நீண்ட விடுமுறை வந்ததும் மூன்று ஊர்களிலும் ஓட்டுநர்கள் ஒன்றாகக் கலைந்தார்கள். வகுப்புகள் மீண்டும் தொடங்கியபோது பயணிகள் திரும்பினார்கள், ஏற்றிச்செல்ல ஆள் இல்லை. செயலியைத் திறந்து வண்டி கிடைக்காமல் மூடியவர்களில் பலர் அதைத் தொலைபேசியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அந்தப் பருவத்தை நான் இன்றும் வருத்தத்தோடு நினைக்கிறேன், ஏனென்றால் எங்களை நம்பித் தவணையில் வண்டி வாங்கிய ஓட்டுநர்கள் சிலர் அதில் இருந்தார்கள்.

நாள்காட்டியைவிடக் கடினமானது நெருக்கம் பற்றிய கணக்கு. உங்கள் சேவைப் பகுதி 20 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 ஓட்டுநர்கள் வேலையின்றி அங்குமிங்குமாக நின்றால், ஒரு பயணிக்கு மிக அருகில் உள்ளவர் சராசரியாக, நேர்கோட்டில் அளந்தால், 1 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். அந்தத் தூரத்தைப் பாதியாக்க 10 ஓட்டுநர்கள் போதாது. 20 பேர் வேண்டும். தூரம் குறைவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் என்பதால், நெருக்கத்தை உண்டாக்குவது எப்போதும் விலை உயர்ந்த காரியம். புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு நகரத்திலும் இந்த விலையை முதலிலிருந்து கொடுக்க வேண்டும். முதல் ஊரில் கட்டிய நெருக்கம் அடுத்த ஊருக்குச் சிறிதும் உதவாது. மென்பொருளை ஆறு ஊர்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம், ஓட்டுநர் நெருக்கத்தை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. முதலீட்டாளர்கள் முதலாவதைக் கண்டு மயங்கி இரண்டாவதை மறப்பது வழக்கமாக இருக்கிறது. இதே கணக்கில் உங்களுக்குச் சாதகமான பக்கமும் உண்டு. சிறிய நகரத்தின் பரப்பு சிறியது. பெருநகரத்தில் 500 பேர் செய்யும் காரியத்தை இங்கே 25 பேர் செய்துவிட முடியும். கூட்டம் குறைந்த நேரங்களில் சேவைப் பகுதியையே வளாகம், ரயில் அல்லது பேருந்து நிலையம், மருத்துவமனை ஆகியவற்றைச் சுற்றிச் சுருக்கிக்கொண்டால், அதே 5 ஓட்டுநர்கள் இன்னும் அருகில் இருப்பார்கள். எல்லா நேரமும் எல்லா இடத்துக்கும் என்ற வாக்குறுதியைச் சிறிய நிறுவனம் கொடுக்க வேண்டியதில்லை.

டெலிவரியை விட்டுவிடலாம் என்று சொல்லும் உங்கள் பங்குதாரருக்கான பதிலும் இங்கேதான் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணி நேரத்தில் 60 சவாரிகள் வருகின்றன என்று கொள்வோம். அழைப்பை ஏற்றதிலிருந்து பயணியை இறக்கும்வரை 20 நிமிடம் ஆகுமானால், எந்தக் கணத்திலும் 20 ஓட்டுநர்கள் வேலையில் இருப்பார்கள். அடுத்த அழைப்பை ஏற்க 5 பேர் காலியாக வேண்டும். மொத்தம் 25 பேர், ஆளுக்கு மணிக்கு 2.4 சவாரி. யாருக்கும் குறை இருக்காது. செவ்வாய்க்கிழமை நண்பகலில் 6 சவாரிகள்தான் வருகின்றன. வேலையில் இருப்பவர் 2 பேர், ஆனாலும் காலியாக வேண்டியவர்கள் அதே 5 பேர். ஆக 7 பேர், ஆளுக்கு மணிக்கு ஒரு சவாரிகூடக் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் 10 உணவு ஆர்டர்கள், ஒவ்வொன்றும் 25 நிமிடம் என்று வந்தால், டெலிவரிக்குத் தனியாக ஆள் வைத்தால் 4 பேர் வேலையிலும் 5 பேர் காலியாகவும் 9 பேர் தேவை. இரண்டு பிரிவுகளையும் தனித்தனியே நடத்தினால் 16 பேருக்கு 16 வேலைகள். இரண்டையும் சேர்த்து நடத்தினால் காலியாக நிற்கும் 5 பேர் இரு பக்கத்துக்கும் பொதுவாகிவிடுவதால் 11 பேரே போதும், அவர்களுக்கு அதே 16 வேலைகள். ஒருவருக்கு மணிக்கு ஒன்று என்பது ஏறக்குறைய ஒன்றரை ஆகிறது. பெருநகரத்தில் இந்தச் சேர்க்கை ஒரு வசதி மட்டுமே; உங்கள் ஊரில் ஓட்டுநர் செயலியை அணைத்துவிட்டு வேறு வேலை தேடிப் போகாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

ஆனால் சேர்த்து நடத்துவதற்குச் சில விதிகள் வேண்டும். பயணி காத்திருக்கமாட்டார், உணவு சில நிமிடம் பொறுக்கும். எனவே இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சவாரிக்கு முன்னுரிமை கொடுங்கள். சமையல் முடிவதற்கு முன்பே ஓட்டுநரை உணவகத்துக்கு அனுப்புவதுதான் இத்தொழிலில் நேரம் மிகுதியாக வீணாகும் இடம். ஒவ்வொரு உணவகத்துக்கும் நாள், நேரம் வாரியாகத் தயாரிப்பு நேரத்தைக் குறித்துவைத்து, அது முடியும் தறுவாயில் ஆள் போய்ச் சேரும்படி அழைப்பை அனுப்புங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வாசலில் நிற்க வைத்தால் அந்த நேரத்துக்கும் ஓட்டுநருக்குக் கூலி உண்டு என்று வைத்துக்கொண்டால், உங்கள் கணினிக் கணிப்புகள் தாமாகவே திருந்தும். பயணியோடு இருக்கும்போது உணவு ஆர்டரை இடையில் எடுக்க அனுமதிக்கவே கூடாது.

ஓட்டுநர்களாக மாணவர்களைச் சேர்ப்பது எளிது, அதிலேயே ஆபத்தும் இருக்கிறது. தேர்வு வாரத்தில் இரவு நேர உணவு ஆர்டர்கள் கூடும். மாணவ ஓட்டுநர்கள் அதே வாரத்தில் படிக்கப் போய்விடுவார்கள். விடுமுறை தொடங்கும் நாளில் நிலையங்களுக்குப் போகும் கூட்டம் உச்சத்தில் இருக்கும். அவர்களும் அன்றுதான் ஊருக்குக் கிளம்புவார்கள். ஆகவே முதுகெலும்பாக இருக்க வேண்டியவர்கள் ஊரிலேயே வசிப்பவர்கள்: ஓய்வுபெற்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின் நேரம் கிடைக்கும் பெற்றோர், பகுதி நேர வேலை செய்பவர்கள். அவர்களில் முப்பது, நாற்பது பேருக்கு, ஒப்புக்கொண்ட நேரங்களில் குறைந்தபட்ச மணிநேர வருமானத்தை உறுதி செய்யுங்கள். தள்ளுபடிக்குச் செலவிடும் பணத்தை இதற்குத் திருப்புவதே உங்களால் செய்யக்கூடிய மிகச் சிறந்த முதலீடு என்று நான் நம்புகிறேன். தள்ளுபடி தேடி வரும் பயணி அடுத்த தள்ளுபடி எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடுவார், ஆனால் அழைத்தவுடன் வண்டி வரும் என்று அனுபவத்தில் அறிந்தவர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

சிறிய நகரங்களை நம்பி எழுந்து, பிறகு விழுந்த ஒரு நிறுவனத்தின் வரலாறு உங்களுக்குப் பயன்படும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற சிறு நகரத்தில் 2013-இல் தொடங்கிய ‘வெயிட்டர்’ என்ற உணவு டெலிவரி நிறுவனம், பெரிய நிறுவனங்கள் பொருட்படுத்தாத ஊர்களையே தேடிப் போனது. ஆரம்பத்தில் டெலிவரி செய்பவர்களை மணிநேரச் சம்பளம் பெறும் ஊழியர்களாகவே வைத்திருந்தது. உணவகங்களோடு நேரில் பேசி உறவை வளர்த்தது. 2018-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ‘பைட் ஸ்குவாட்’ என்ற மற்றொரு நிறுவனத்தை 30 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அந்த 2019-இல் உணவகங்களுக்கான கமிஷன் விதிகளை மாற்றியபோது உணவகங்கள் வழக்குத் தொடுக்கும் அளவுக்குக் கசப்பு மூண்டது. 2020-இல் ஊழியர்களாக இருந்த ஓட்டுநர்கள் ஒப்பந்தக்காரர்கள் ஆக்கப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் நிறுவனம் மூடப்பட்டது. பெரிய நிறுவனங்களின் போட்டியும் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம். ஆனாலும் போட்டியாளர்களிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டிய உறவுகளை, அகலக்கால் வைத்ததன் செலவை ஈடுகட்டும் அவசரத்தில் அது தானே கலைத்துக்கொண்டது என்பதுதான் என் வாசிப்பு. சிறிய நகரத்தில் உணவகக்காரர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். ஒருவருக்கு நீங்கள் செய்யும் அநியாயம் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெரிய டெலிவரித் தளங்கள் வசூலிக்கும் கமிஷன் 15 முதல் 30 விழுக்காடு வரை இருக்கிறது. சாப்பாட்டுத் தொழிலின் லாப விளிம்பு அதைவிட மிகக் குறைவு. எனவே கமிஷனைத் தாழ்வாக, ஓராண்டுக்கு மாறாததாக, எழுத்தில் வைத்துவிடுங்கள்.

மாணவர்களை வாடிக்கையாளர்களாகக் கொண்ட தொழிலுக்கு வேறொரு தனிக்குணம் உண்டு. நான்காண்டுப் படிப்பில் ஆண்டுதோறும் ஏறக்குறைய கால் பங்கினர் படிப்பை முடித்து வெளியேறுகிறார்கள், அதே அளவு புதியவர்கள் வருகிறார்கள். எவ்வளவு நல்ல சேவை கொடுத்தாலும் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. ஆனால் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில், எந்தப் பழக்கமும் படியாத நிலையில் வந்து இறங்குகிறார்கள் என்பது வேறு எந்தத் தொழிலுக்கும் எளிதில் வாய்க்காத வாய்ப்பு. ஆண்டு விளம்பரச் செலவில் பெரும்பகுதியைக் கல்வியாண்டின் முதல் மூன்று வாரங்களுக்கு ஒதுக்குங்கள். நிலையத்திலிருந்து விடுதிக்கு மூட்டை முடிச்சுகளோடு போகும் முதல் சவாரியை நீங்கள் ஒழுங்காகச் செய்துவிட்டால், அந்த மாணவர் நான்கு ஆண்டுகளுக்கு உங்களுடையவர்.

விடுமுறைக்கு முந்தைய இரண்டு நாள்களும் அதே அளவு முக்கியமானவை. இன்று லிஃப்ட் என்று அறியப்படும் அமெரிக்கச் சவாரி நிறுவனம், ஜிம்ரைட் என்ற பெயரில் 2007-இல் தொடங்கியபோது, கார்னெல் போன்ற பல்கலைக்கழக வளாகங்களில் ஒரே ஊருக்குப் போகும் மாணவர்களை ஒரே காரில் சேர்ப்பதுதான் அதன் வேலை. நிறுவனர்களில் ஒருவரான லோகன் கிரீனுக்கு அந்த எண்ணம் ஜிம்பாப்வேயில் மக்கள் வேன்களைப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்தபோது பிறந்தது. பெயரும் அங்கிருந்தே வந்தது. நகருக்குள்ளான சவாரிச் சேவையை லிஃப்ட் என்று அவர்கள் தொடங்கியது 2012-இல்தான். ஜிம்ரைடை மறு ஆண்டு விற்றுவிட்டார்கள். அவர்கள் விட்டுவந்த அந்த முதல் வேலை உங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு இன்றும் பொருந்தும்: முன்பதிவு, முன்பணம், நான்கு பேருக்கு ஒரு வண்டி, குறித்த நேரப் புறப்பாடு. தேவை எப்போது வரும் என்று பல்கலைக்கழக நாள்காட்டியே ஓராண்டுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது.

விடுமுறையைத் தாண்ட உதவுபவர்கள் மாணவர்கள் அல்லர். மருத்துவமனையின் இரவுப் பணியாளர்கள், சிகிச்சைக்குப் போகும் முதியவர்கள், தொழிற்கூடங்களில் ஷிப்ட் மாறும் தொழிலாளர்கள், விடுமுறையிலும் ஊரில் தங்கும் ஆய்வு மாணவர்கள், மருந்தகங்கள், மளிகைக் கடைகள் ஆகியோரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இவர்களில் பலர் செயலியைப் பயன்படுத்தத் தயங்குவார்கள். தொலைபேசியில் அழைத்தால் ஒரு மனிதர் எடுத்து வண்டி அனுப்பும் ஏற்பாடு வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இரவு நேரப் பாதுகாப்புச் சவாரிக்கு ஆண்டு ஒப்பந்தம் கிடைக்குமானால், அதை மாணவர் எண்ணிக்கையை வைத்து அல்லாமல் மாதத் தொகையாகக் கேளுங்கள். இப்போதைய 1,300 விடுமுறைப் பரிவர்த்தனைகளை 2,000 ஆக்கினாலே உங்கள் வாரச் சராசரி ஏறக்குறைய 3,000-ஐத் தொட்டுவிடும். இன்னொரு நகரத்தைத் திறக்காமலே கிடைக்கும் வளர்ச்சி அது.

பெரிய நிறுவனங்கள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டின் நகரம் ஒரு சான்று. அது சிறிய நகரம் அல்ல என்றாலும் நடந்தது தெளிவானது. ஓட்டுநர்களின் விரல்ரேகைச் சோதனையை நகராட்சி வலியுறுத்தியதை 2016 மே மாத வாக்கெடுப்பில் மக்களும் ஆதரித்தபோது, ஊபரும் லிஃப்டும் நகரத்தை விட்டு வெளியேறின. அந்த வெற்றிடத்தில் ‘ரைடுஆஸ்டின்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு எழுந்தது. ஓட்டுநர்களுக்குக் கூடுதல் பங்கு கொடுத்தது, நகரத்தின் அன்பைப் பெற்றது. 2017 மே மாதம் மாநிலச் சட்டம் நகராட்சியின் விதியைச் செல்லாததாக்க, இரண்டு நிறுவனங்களும் திரும்பின. ரைடுஆஸ்டினின் சவாரிகள் பெரிதும் சரிந்தன. பெருந்தொற்றுக் காலமான 2020-இல் அது மூடப்பட்டது. போட்டியாளர் இல்லாததால் வந்த தேவையை நம் தகுதியால் வந்ததாக எண்ணிக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த ஓராண்டு காட்டியது. எனவே இன்றே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பெரிய செயலி ஒன்று உங்கள் ஊரில் அரைக் கட்டணத்துக்கு மூன்று மாதம் ஓட்டினால், எந்தெந்தச் சவாரிகள் உங்களிடமே இருக்கும்? மருத்துவமனை ஒப்பந்தம், பல்கலைக்கழக இரவுச் சேவை, தொலைபேசி அழைப்புகள், முன்பதிவுப் பயணங்கள், எழுத்தில் உடன்பாடு செய்த உணவகங்கள், மணிநேர உத்தரவாதம் பெற்ற ஓட்டுநர்கள் ஆகியவை இருக்கும். அவற்றின் பங்கு பாதிக்குக் குறைவாக இருக்கும்வரை உங்கள் அச்சம் நியாயமானதே. கட்டணப் போரில் மட்டும் இறங்காதீர்கள். அவர்களின் பணம் உங்களைவிட நீண்ட நாள் தாங்கும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அதனால் நானே எடுக்கிறேன். 2019 மார்ச்சில், அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் கொலம்பியா நகரில், தான் அழைத்த வண்டி என்று தவறாக எண்ணி வேறொரு காரில் ஏறிய ஒரு மாணவி கொல்லப்பட்டார். அதன்பின் அந்த மாநிலம், சவாரி வண்டிகளின் முன்பக்கத்திலும் பதிவு எண் தெரிய வேண்டும் என்று அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. நள்ளிரவில் கூட்டமாக வெளியேறும் இளைஞர்களை ஏற்றுவதே உங்கள் முக்கிய வேலை. பயணி சொல்லும் நான்கு இலக்க எண்ணை ஓட்டுநர் பதிந்தால் மட்டுமே சவாரி தொடங்கும் ஏற்பாட்டை, விருப்பத் தேர்வாக வைக்காமல், இரவுச் சவாரிகள் அனைத்துக்கும் கட்டாயமாக்குங்கள். அதனால் ஒவ்வொரு சவாரிக்கும் சில நொடிகள் கூடும், கூடட்டும். காப்பீட்டையும் மூன்று நிலைகளாகப் பிரித்துப் பாருங்கள்: செயலி திறந்திருந்து அழைப்பு வராத நேரம், அழைப்பை ஏற்றுப் பயணியை நோக்கிப் போகும் நேரம், பயணி உள்ளே இருக்கும் நேரம். ஓட்டுநரின் சொந்தக் காப்பீடு இந்த மூன்றிலும் உதவாமல் போகலாம், டெலிவரிக்கு வேறு விதி இருக்கலாம். ஓட்டுநர் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்ற கேள்வியிலும் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021-இல் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர் உரிமை உடையவர்கள் என்றது. கலிபோர்னியாவில் 2020-இல் நடந்த வாக்கெடுப்பு எதிர்த்திசையில் போனது. உங்கள் பகுதியின் வழக்கறிஞரிடம் இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் அடுத்த நகரத்தின் பெயரைக்கூடப் பேசாதீர்கள்.

அந்த அடுத்த நகரம் எது? ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்க வேண்டும், ஒரே மேலாளர் இரண்டையும் பார்க்கவும், விழா, விளையாட்டுப் போட்டி நாள்களில் ஓட்டுநர்களை இங்கிருந்து அங்கே அனுப்பவும் அது உதவும். கல்லூரியோடு மருத்துவமனையோ, சுற்றுலாவோ, பெரிய தொழிற்கூடமோ இருக்க வேண்டும். உங்கள் ஊர் காலியாகும் மாதத்தில் அங்கே தேவை கூடுமானால் மிகவும் நல்லது. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவரைச் சம்பளத்தோடு லாபத்திலும் பங்கு கொடுத்துப் பொறுப்பாக்குங்கள். 2004-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான உணவு ஆர்டர் சேவையாகத் தொடங்கி, ‘ஆர்டர்அப்’ என்ற பெயரில் சிறிய நகரங்களுக்கும் கல்லூரி நகரங்களுக்கும் பரவி, 2015-இல் குரூப்பான் நிறுவனத்தால் வாங்கப்பட்ட சேவையும் உள்ளூர் உரிமையாளர்களை நம்பித்தான் வளர்ந்தது. திறப்பதற்கு முன் மூவரில் ஒருவர் அங்கே ஒரு மாதம் தங்கித் தாமே வண்டி ஓட்ட வேண்டும். அமெரிக்க உணவு டெலிவரி நிறுவனமான டோர்டாஷின் நிறுவனர்கள் 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே, பாலோ ஆல்டோ உணவகங்கள் சிலவற்றின் உணவுப் பட்டியலை ஒரு எளிய இணையப் பக்கத்தில் போட்டு, தாங்களே உணவைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் தொழிலைக் கற்றார்கள்.

முதலீட்டாளரிடம் இதை மறுப்பாகச் சொல்லாமல் மாற்றுத் திட்டமாகச் சொல்லுங்கள். பணத்தை மூன்று தவணையாகக் கேளுங்கள். முதல் தவணை இப்போதைய நகரத்துக்கு: விடுமுறை வாரத்துக்கு 2,000 பரிவர்த்தனைகள், கூட்டம் குறைந்த நேரத்திலும் ஓட்டுநருக்கு மணிக்கு ஒன்றரை வேலை, அழைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு வண்டி கிடைப்பது ஆகிய மூன்று இலக்குகளோடு. இரண்டாவது தவணை, அவை எட்டப்பட்டபின் ஒரு நகரத்துக்கு. மூன்றாவது, அந்த இரண்டாவது நகரம் தன் முதல் நீண்ட விடுமுறையைக் கடந்தபிறகு. ஓட்டுநரின் மணிநேர வருமானத்தை, வண்டிச் செலவு போக, வாரந்தோறும் கணக்கிட்டு முதலீட்டாளருக்கும் அனுப்புங்கள். மொத்தப் பதிவிறக்கங்களின் எண்ணிக்கையை அனுப்பாதீர்கள். ஐந்து நகரங்கள் இல்லையென்றால் பணமில்லை என்று அவர் சொன்னால், அந்தப் பணத்தை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு 2,700 பரிவர்த்தனைகளை வைத்துச் செலவைத் திருத்திக்கொண்டால் உங்கள் நிறுவனத்தால் அவர் இல்லாமலும் அடுத்த கல்வியாண்டின் முதல் வாரம்வரை நிற்க முடியும்; அந்த வாரத்துக்கான ஓட்டுநர் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.